எண்ணியது பன்னிரண்டு

பிலிமத்தலாவை,
1877, ஆடி 12

டிரெசர் மயில்வாகனம் ஐயா அவர்களுக்கு,

தை மாதம் ஆறாந் தேதி உங்கள் ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து கட்டி எடுக்கப்பட்ட ரத்தினம்மா எழுதுகிறேன். பிலிமத்தலாவைப் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தையலும் கணக்கும் சொல்லிக்கொடுப்பவள். என்னை மறந்திருந்தாலும் கட்டியை மறந்திருக்க மாட்டீர்கள். தேங்காய் அளவு இருந்தது, கருப்பையின் வெளிப்பக்கம் காம்பு விட்டுத் தொங்கியது என்று, பெரிய டாக்டருக்கு உதவியாக நின்ற நீங்கள்தான் ஜாடியில் போட்டுக் காட்டினீர்கள்.

நலம் விசாரிக்க எழுதவில்லை. சண்டைக்குத்தான் எழுதுகிறேன்.

ஆனிக் கடைசியில் காய்ச்சலுக்குத் தூள் வாங்க வந்தேன். வயிறு மறுபடி உப்புகிறது என்று சொன்னேன். சேலைக்கு மேலாகவே இரண்டு விரலை வைத்துப் பார்த்தீர்கள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. வாசலில் நின்ற என் நாத்தனார் அங்கம்மாளிடம் போய் ஏதோ சொன்னீர்கள். என்ன சொன்னீர்கள் என்பது நேற்று அடுப்படியில் எனக்குத் தெரியவந்தது.

"நாலு மாசமுன்னு மருந்துக்கார ஐயாவே சொல்லிப்புட்டாரு. எந்தம்பி அக்கரைக்குப் போயி அஞ்சு மாசமாச்சு. யாருன்னு நீயே சொல்லிரு" என்றார் அங்கம்மாள்.

என் கணவர் சேதுராமன் காப்பித் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. அக்கரை இந்தியாவில் பஞ்சம், இப்போது தோட்டத்துக்கு ஆள் சேர்ப்பது சுலபம் என்று தொரை அவரை அனுப்பிவைத்தார். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தது மாசி முதல் தேதி. அவர் கிளம்பியது மூன்றாந் தேதி. நடுவில் இருந்த ஒரு நாளும் தையல் ஆறாத வயிற்றோடு நான் ஒரு பாயில், அவர் ஒரு பாயில். ஆகவே நீங்கள் சொன்ன வார்த்தை என்னை என்னவாக்கும் என்று உங்களுக்கே விளங்கும். அங்கம்மாளுக்கு எழுதத் தெரியாது. ஆனால் கடைத்தெருவில் எழுதிக்கொடுக்க ஆள் இருக்கிறது. செய்தி இந்நேரம் கடல் தாண்டியிருக்கும்.

எனக்குள் பிள்ளை இல்லை. வேறு ஏதோ இருக்கிறது. தொப்புளுக்குக் கீழே வலது பக்கம், ஒரு மாங்காய் அளவில். மாலையானால் குளிர்க்காய்ச்சல் வருகிறது. பங்குனியிலிருந்து விலக்கும் நின்றுவிட்டது. ஒரு ஆணுக்கு இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் எழுதாவிட்டால் எனக்கு வீடு இல்லை.

என்னைச் சரியாகப் பாருங்கள். பார்த்துவிட்டு, முன்பு சொன்னது தவறு என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள்.

ரத்தினம்மா


அம்பிட்டிய,
ஆடி 20

மதிப்புக்குரிய அம்மையாருக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. கையெழுத்து நேர்த்தியாக இருக்கிறது. சொற்கள் அப்படி இல்லை.

"நாலு மாதக் கர்ப்பம் போலத் தெரிகிறது" என்றே நான் சொன்னேன். 'போல' என்பதைத் தங்கள் நாத்தனார் ஆஸ்பத்திரி வாசலிலேயே போட்டுவிட்டுப் போனால் அதற்கு நான் என்ன செய்வது? யாழ்ப்பாணத்து மானிப்பாயில் நான்கு வருடம் வைத்தியம் படித்தவன் நான். விலக்கு நின்று வயிறும் உயர்ந்திருக்கும் ஒரு பெண்ணைப் பார்த்து வேறு என்ன நினைப்பது? கட்டி திரும்ப வளர்ந்தாலும் ஆறு மாதத்தில் இவ்வளவு வளராது.

சத்திரசிகிச்சையில் குறை ஏதும் இல்லை. கைகளும் கருவிகளும் கார்பாலிக் தண்ணீரில் கழுவப்பட்டன. இரத்தம் ஒற்றும் கடற்பஞ்சுகள் பன்னிரண்டும் எண்ணி உள்ளே போய், எண்ணி வெளியே வந்தன. எண்ணியவன் நானே.

ஒரு சகோதரனாக நினைத்துக் கேட்கிறேன். யாராவது தங்களை ஏமாற்றியிருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். அது என்னோடு இருக்கும். கெட்டிக்கார மருத்துவச்சி ஒருத்தியை எனக்குத் தெரியும். பெரிய டாக்டர் நுவரெலியாவில் இருக்கிறார், புரட்டாசியில்தான் திரும்புவார். அதுவரை இந்தச் சிறிய ஆஸ்பத்திரியில் வயிற்றுச் சோதனை எதுவும் செய்ய எனக்கு அனுமதி இல்லை.

இப்படிக்கு,
சி. மயில்வாகனம்


பிலிமத்தலாவை,
ஆவணி 2

ஐயா,

சகோதரனாகக் கேட்டதற்கு மிகவும் நன்றி. அண்ணன் தம்பி இல்லாமல் மிஷன் விடுதியில் வளர்ந்தவள் நான். கிடைத்த முதல் சகோதரன் என் மடியில் யார் பிள்ளை என்று கேட்கிறான்.

இத்துடன் மூன்று நூல்கள் வைத்திருக்கிறேன். அமாவாசைக்கு அமாவாசை என் வயிற்றைச் சுற்றி அளந்து வெட்டியவை. ஒரு முடிச்சுப் போட்டது வைகாசி, இரண்டு முடிச்சு ஆனி, மூன்று முடிச்சு ஆடி. சட்டை தைக்க அளவெடுக்கும் கை, தப்பாது. வைகாசிக்கும் ஆனிக்கும் ஒரு விரற்கடை கூடியிருக்கிறது. ஆனிக்கும் ஆடிக்கும் நெல்லளவு வித்தியாசம் இல்லை. நாலாவது மாதத்தில் வளர மறந்து நின்றுவிடும் பிள்ளையை மானிப்பாயில் உங்களுக்குக் காட்டினார்களா? அசைவும் இல்லை. அமுக்கினால் வலிக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்று. பஞ்சுகளைப் பற்றி நான் உங்களிடம் கேட்கவே இல்லை. கேட்காததை எதற்குச் சொன்னீர்கள்? பள்ளியில் ஒரு பிள்ளை, "டீச்சர், நான் கத்தரிக்கோலை எடுக்கலை" என்று தானாகவே வந்து சொன்னால் அதன் பையைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

முந்தாநாள் என் கணவரின் கடிதம் வந்தது. ஐப்பசி முதல் வாரம் ஆட்களோடு வந்துவிடுவாராம். அதற்குள் நான் போகவேண்டிய இடத்துக்குப் போய்விட வேண்டுமாம். போகவேண்டிய இடம் எது என்று எழுதவில்லை. எனக்கும் தெரியாது.

ரத்தினம்மா


அம்பிட்டிய,
ஆவணி 9

அம்மையாருக்கு,

நூல்கள் கிடைத்தன. நூலை இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். அதை வைத்து வைத்தியம் பார்க்க முடியாது.

பன்னிரண்டு என்பதைத் தாங்கள் தோண்டிக் கேட்பதைப் பார்த்தால், யாரோ தங்கள் காதில் ஏதோ ஓதியிருப்பது தெரிகிறது. தண்ணீர் ஊற்ற நின்ற ஆயா பாப்பம்மாவாகத்தான் இருக்கும். அவளுக்கு என்மேல் பழைய கோபம் உண்டு. அவள் பேச்சை ஒரு பொருட்டாக எடுக்க வேண்டாம். தாங்கள் ஒரு கணக்கப்பிள்ளையின் மனைவி. தன் குற்றத்தை மறைக்க இன்னொருவர் பிழைப்பில் கை வைக்கலாமா என்று யோசியுங்கள். எனக்கும் ஊரில் மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

இதற்குமேல் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மயில்வாகனம்


பிலிமத்தலாவை,
ஆவணி 25

ஐயா,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதாமல் இருக்க முடியவில்லை, கோபித்துக்கொள்ளுங்கள்.

பாப்பம்மா என்று ஒருத்தி இருப்பதே எனக்குத் தெரியாது. அன்று நான் மயக்க மருந்தில் கிடந்தவள். நீங்கள் பெயரைச் சொல்லிக்கொடுத்தபிறகு போய்ப் பார்க்காமல் இருப்பது மரியாதையாக இருக்காது அல்லவா? சனிக்கிழமை கண்டிச் சந்தையில் அவளைக் கண்டுபிடித்தேன். பாவம், அவளுக்கு உங்கள்மேல் எந்தக் கோபமும் இல்லை. கீரைக்கட்டைக் கீழே வைத்துவிட்டுச் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"ரெத்தம் நிக்கவே இல்லம்மா. தொரை டாக்டரு என்னமோ கத்துனாரு. ஐயா பெரிய பஞ்சு ஒண்ண எடுத்துக் கத்திரியால ரெண்டா வெட்டிக் குடுத்தாரு. நாந்தான் பாத்தேனே. அதுல என்னம்மா தப்பு?"

அவளுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. பன்னிரண்டில் ஒன்றை இரண்டாக வெட்டினால் பதின்மூன்று. எங்கள் பள்ளியில் இரண்டாம் வகுப்புப் பிள்ளை சொல்லும் கணக்கு இது. பன்னிரண்டை எண்ணி எடுத்தீர்கள் என்றால் பதின்மூன்றாவது எங்கே?

அதற்கான பதில் நேற்று தானாகவே வந்தது. பழைய தழும்பின் கீழ்முனை சிவந்து வெடித்து, சீழ் வடிந்தது. துணியால் துடைத்தபோது கூடவே ஒரு துணுக்கு வந்தது. கழுவிக் காயவைத்து மெழுகுத்தாளில் மடித்து அனுப்பியிருக்கிறேன். பழுப்பு நிறம், உள்ளெல்லாம் சின்னச் சின்ன ஓட்டை. இது என் சதையா ஐயா? நீங்கள் படித்தவர், பார்த்துச் சொல்லுங்கள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதுவரை கோபத்தில் பயம் தெரியவில்லை. இப்போது தெரிகிறது.

ரத்தினம்மா


அம்பிட்டிய,
புரட்டாசி 18

அம்மா,

ஓம், அது கடற்பஞ்சுதான்.

இந்த வரியை எழுத எனக்கு மூன்று கிழமை பிடித்தது. அந்தத் துணுக்கைத் தண்ணீரில் போட்டேன். ஊறி விரிந்தது. சதை அப்படி விரியாது.

பாப்பம்மா சொன்னது முழுவதும் உண்மை. கட்டியின் காம்பை அறுத்தபோது இரத்தம் பீறிட்டது. சிறிய பஞ்சு கேட்டார் டாக்டர். சிறியவை எல்லாம் நனைந்து கிடந்தன. பெரியதை வெட்டி இரண்டு துண்டையும் கொடுத்தேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை, நானும் சொல்லவில்லை. முடிவில் தட்டில் இருந்தவற்றை எண்ணினேன். பன்னிரண்டு என்று உரக்கச் சொன்னேன். டாக்டர் தைத்தார்.

இதுமட்டும் என்றால் பதற்றத்தில் நேர்ந்த பிழை என்று சொல்லிக்கொள்ளலாம். நான்கு நாள் கழித்துப் பெட்டியை அடுக்கியபோது வெட்டிய பஞ்சில் ஒரு பாதியைத்தான் கண்டேன். மற்றப் பாதியைக் குப்பையில் போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. தாங்கள் காய்ச்சலோடு வந்து வயிறு உப்புகிறது என்றபோது, அது கர்ப்பமாக இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். ஆகையால்தான் இரண்டு விரலோடு நிறுத்திக்கொண்டேன். நன்றாக அழுத்திப் பார்த்திருந்தால் அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்கும். தங்கள் மானத்தைக் கொடுத்து என் வேலையைக் காப்பாற்றினேன். இதைவிடக் கேவலமாக ஒருவன் நடக்க முடியாது.

பெரிய டாக்டர் நேற்றுத் திரும்பினார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என்ன ஏசினார் என்பதை எழுத வேண்டியதில்லை. ஐப்பசி பன்னிரண்டாந் தேதி தழும்பைத் திறந்து எடுப்பதாகச் சொல்கிறார். மறைக்காமல் சொல்கிறேன், இது ஆபத்தான காரியம். எடுக்காமல் விடுவது அதைவிட ஆபத்து.

தங்கள் கணவருக்குக் காட்டுவதற்காகத் தனித் தாளில் நடந்ததை எழுதிக் கையெழுத்திட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கும் யோக்கியதை இல்லை, ஆனாலும் கேட்கிறேன்.

மயில்வாகனம்


பிலிமத்தலாவை, பள்ளிக்கூடம்,
ஐப்பசி 5

ஐயா,

உங்கள் தாள் என்னைக் காப்பாற்றவில்லை. இருந்ததையும் கெடுத்தது.

என் கணவர் ஐப்பசி இரண்டாந் தேதி வந்தார். பஞ்சத்தில் அடிபட்ட எழுபது பேரைக் கூட்டிக்கொண்டு மன்னார்க் காட்டு வழியாக நடந்து, எலும்பும் தோலுமாக வந்து நின்றார். எனக்கு முதலில் அழுகைதான் வந்தது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, வயிற்றைத்தான் பார்த்தார். உங்கள் தாளைக் கையில் கொடுத்தேன். இரண்டு தடவை வாசித்தார்.

"ஒரு மருந்துக்காரன், தன் வேலை போனாலும் பரவாயில்லன்னு, அடுத்தவன் பொண்டாட்டிக்கு ஏன் இப்புடி எழுதித் தரணும்? அவனுக்கும் ஒனக்கும் என்ன?" என்று கேட்டார்.

அங்கம்மாள் விடுவாரா? "ஆடியில இருந்தே கடுதாசி வர்றதும் போறதுமாத்தான் இருக்கு. நாங் கண்ணால பாத்தேன்" என்றார்.

ஆக, நான் நல்லவள் என்று நிரூபிக்க எழுதிய கடிதங்களே நான் கெட்டவள் என்பதற்குச் சாட்சியாகிவிட்டன. எல்லாவற்றையும் அள்ளி அவர் முன்னால் போட்டேன். வாசித்தார். வாசித்து முடித்து, "வாத்தியாரம்மாவுக்குக் கதை கட்டவா தெரியாது" என்றார். என் டிரங்குப் பெட்டி வாசலுக்கு வந்தது. மூன்று நாளாகப் பள்ளிக்கூடத்துச் சாமான் அறையில் படுத்திருக்கிறேன்.

செத்துப்போகிறதைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை ஐயா. ஆனால் இந்தப் பெயரோடு சாக மாட்டேன். நான் கத்தியின் கீழ் செத்தால், பிள்ளையைக் கலைக்கப் போய்ச் செத்தாள் என்றுதான் பிலிமத்தலாவை முழுக்கப் பேசும்.

ஆகவே டாக்டரிடம் ஒன்று சொல்லுங்கள். என் வயிற்றைத் திறக்கும்போது என் கணவர் அந்த அறைக்குள் நிற்க வேண்டும். வேறு யாரும் எண்ணக் கூடாது, அவர்தான் எண்ண வேண்டும். என் சிலேட்டைக் கொடுத்தனுப்புகிறேன். ஒவ்வொரு பஞ்சு உள்ளே போகும்போதும் ஒரு கோடு போடட்டும், வெளியே வரும்போது ஒரு கோட்டை அழிக்கட்டும். மூன்று மாதமாக விரல் மடக்கி என் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தவருக்கு இது ஒன்றும் சிரமமாக இருக்காது.

அவரிடம் சொல்லிவிட்டேன். வரமாட்டேன் என்றார். "பயமா?" என்று கேட்டேன். வருகிறேன் என்றார்.

ரத்தினம்மா


அம்பிட்டிய,
ஐப்பசி 9

அம்மா,

டாக்டர் முதலில் மறுத்தார், பிறகு ஒத்துக்கொண்டார். கணக்கப்பிள்ளை ஐயா சுவரோரமாக நிற்கலாம்.

நான் அறையில் இருக்க மாட்டேன். எனக்கு இன்றோடு வேலை இல்லை, பன்னிரண்டாந் தேதிக்கு முன்பே ஊருக்குப் போய்விடும்படி உத்தரவு. அது நியாயமான உத்தரவுதான். பாப்பம்மா தங்கள் பக்கத்தில் நிற்பாள். பஞ்சு எதையும் யாரும் வெட்டக்கூடாது என்று அவளிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

முடிவு என்னவானாலும், யாரைக்கொண்டாவது மானிப்பாய் விலாசத்துக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அது வரும்வரை எனக்குச் சோறு இறங்காது.

மயில்வாகனம்


அம்பிட்டிய,
கார்த்திகை 14

மயில்வாகனம் ஐயா அவர்களுக்கு,

உயிரோடு இருக்கிறேன். யாரைக்கொண்டும் எழுதவில்லை, என் கையால்தான் எழுதுகிறேன். கோடு கொஞ்சம் வளைந்து போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் படுத்தே கிடந்தேன். காய்ச்சல் நின்று பத்து நாளாகிறது.

அன்று நடந்தது எனக்குத் தெரியாது, பாப்பம்மா சொல்லித்தான் தெரியும். பஞ்சு ஒவ்வொன்றாக உள்ளே போகப்போக என் கணவர் சிலேட்டில் கோடு போட்டாராம். மொத்தம் ஒன்பது. கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தனவாம். பிறகு வெளியே வரவர விரலால் அழித்தாராம். ஒன்பதும் வந்தாயிற்று. சிலேட்டில் ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு டாக்டர் கையை உள்ளே விட்டு இன்னொன்றை எடுத்தார். கறுத்து, சீழில் ஊறி, அறையே நாறியதாம். அதைத் தட்டில் போட்டுவிட்டு இவரைத் திரும்பிப் பார்த்தாராம். இவர் சிலேட்டைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், மறுபடி சிலேட்டைப் பார்த்தார். அழிப்பதற்குக் கோடு இல்லை. "பெறகு அப்புடியே சுவத்துல சாஞ்சு உக்காந்துட்டாரும்மா. ஏங்கி ஏங்கி அழுதாரு" என்றாள் பாப்பம்மா.

கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லவில்லை, மிகவும் சந்தோஷமாக இருந்தது. அங்கம்மாளும் ஒரு நாள் கஞ்சி கொண்டுவந்தார். முகத்தைப் பார்க்காமல் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே ஊற்றினார். குடித்தேன்.

நீங்கள் மன்னிப்புக் கேட்டிருந்தீர்கள். இன்னும் முடியவில்லை ஐயா. வயிற்றில் வைத்துத் தைத்ததைக்கூட விட்டுவிடலாம். அந்த இரண்டு விரலைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. ஆனாலும் அந்த "ஓம்" என்ற வரியை நீங்கள் எழுதாமலே இருந்திருக்கலாம். எழுதினீர்கள். அதையும் மறக்க மாட்டேன்.

இன்று என்னை வீட்டுக்கு அழைத்துப்போக இவர் மாட்டுவண்டி கொண்டுவந்திருக்கிறார். வண்டியில் வைக்கோல் பரப்பி, மேலே இரண்டு மெத்தை போட்டிருக்கிறார். நல்ல மனிதராகத்தான் இருக்கிறார். நான் இதை எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "யாருக்கு?" என்றார். சொன்னேன். ஜன்னல் வழியாக வண்டியை எட்டிப் பார்த்தார். பிறகு, "முடிச்சதும் குடு, ஒரு தரம் பாத்துட்டுத் தாரேன்" என்றார்.

"அன்னைக்கு உங்க கையாலதானே எண்ணுனீங்க? இன்னுமா?" என்று கேட்டேன். கையை நீட்டியபடியே நின்றார்.

காட்டமாட்டேன். ஆனால் தபாலில் போட இதை அவர் கையில்தான் கொடுக்கப்போகிறேன். உறையைப் பசையால் ஒட்டப்போவதில்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சிவப்பு நூலால் ஓரம் முழுக்கத் தைப்பேன். பிரித்தால் திரும்ப இதேபோல் தைக்க அவருக்குத் தெரியாது, அங்கம்மாளுக்கும் தெரியாது.

பதின்மூன்று தையல் இருக்கும். ஒன்று குறைந்தாலும் எனக்கு எழுதுங்கள், வீட்டு விலாசத்துக்கு அல்ல, பள்ளிக்கூட விலாசத்துக்கு. டிரங்குப் பெட்டி இன்னும் அங்கேதான் இருக்கிறது.

இந்த முறை சரியாக எண்ணுங்கள்.

ரத்தினம்மா